சந்தியாகப்பரின் நாலு மூட்டை

அத்தியாயம் 6

ஜப்பான்காரன் பிடித்து ஷோனான் என்று பெயர் மாற்றிய சிங்கப்பூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு, சீனிக்குத் தட்டுப்பாடு, நெருப்புக்குச்சிக்குக்கூடத் தட்டுப்பாடு. கமிட்டிகளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தோ பாயோ கம்பம் என்ற குடிசைக் கிராமத்தில் முப்பத்தெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில். அந்தக் கோயிலுக்கு ஒரு கூரைக் கமிட்டி. கூரைதான் இல்லை.

அது நாற்பத்திரண்டு பிப்ரவரியில் ஒரு குண்டோடு போய்விட்டது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று தெரியாது. இரண்டு பக்கத்தாரும் பெருமை கொண்டாட வரவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் செங்கற்சூளைக் கூலிகள் தாங்களே சுட்ட கல்லை வைத்துத் தாங்களே கட்டிய கோயில் என்பதால் சுவர்கள் நாலும் அசையவில்லை. நடுவில் கோயிலின் புனிதர் அர்ச்சிஷ்ட சந்தியாகப்பர் குதிரைமேல் உட்கார்ந்தபடி இரண்டரை வருஷமாக மழையில் நனைந்துகொண்டிருந்தார். வெள்ளைக் குதிரை இப்போது என்ன நிறம் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு கமிட்டி வேண்டும்.

கோயிலுக்குக் கூரை இல்லாததால் கூரைக் கமிட்டி அதன் தலைவர் ஜோசப் தில்லையம்பலத்தின் லாரிக் கொட்டகையில் கூடுவது வழக்கம். அவருடைய மூன்று லாரிகளையும் ஜப்பான்காரன் 'இரவல்' வாங்கிக்கொண்டு போய்விட்டான். கொட்டகை மட்டும் காலியாக, விசாலமாக, ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றது.

அந்தச் சனிக்கிழமைக் காலையில் அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் நின்று பேசினார், ஒருவர் குந்தி உட்கார்ந்து அழுதார், மற்ற இரண்டு பேர் துப்பறிந்தார்கள்.

"கோயிலின்ர சாமான் அறைக்குள்ள இருந்த நாலு மூட்டை அரிசியையும் காணேல்லை. பூட்டு உடையேல்லை. சாவி ரெண்டு. ஒண்டு என்னட்ட, மற்றது உபதேசியாரிட்ட. நான் எடுக்கேல்லை." நின்று பேசிய தில்லையம்பலம் விரல்களை மடக்கிக் காட்டினார். "கணக்குச் சரிதானே?"

"கணக்கு ரொம்பச் சரி," என்றான் ஒலி முகம்மது. "ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் உபதேசியார்."

"ஆர் இந்த ஆள்?"

"என்ர உதவியாள்," என்றாள் குணமணி. "வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம்."

சண்டைக்கு முன்னால் ஒலி முகம்மது நோட்டு மாற்றும் வியாபாரி. நாலு நாட்டு நோட்டையும் தடவிப் பார்த்தே கள்ளநோட்டைச் சொல்லிவிடுவான். இப்போது ஊரில் இருப்பது வாழைமரப் படம் போட்ட ஜப்பான்காரன் நோட்டு ஒன்றுதான். அதை மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. குணமணி யாழ்ப்பாணத்துக்காரி, கல்யாணத்துக்கு நேரம் கிடைக்காதவள். பதினெட்டு வருஷம் ரயிலில் தொலைந்த சாமான்களைக் காக்கும் அறையில் குமாஸ்தாவாக இருந்தவள்; இப்போது ஊரார் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பவள். அங்கே கற்றது ஒரே பாடம். அதை அவள் அடிக்கடி சொல்வாள்: "சாமான் ஒண்டும் தொலையிறதில்லை ஒலி. ஆருக்கோ வசதியான இடத்துக்குப் போகுது. அவ்வளவுதான்."

"உபதேசியார், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் குணமணி.

உபதேசியார் சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசை வைக்கும் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, மணியடிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் சூசைதான்.

"பணமா நிதி திரட்டினா என்னம்மா பிரயோசனம்? இந்த மாசம் சேர்ந்த பணத்துல அடுத்த மாசம் ஒரு ஆணி வாங்கலாம். அதுக்கடுத்த மாசம் அந்த ஆணியைக் கடையில பார்த்துட்டு வரலாம். அதான் பிடியரிசி எடுக்கச் சொன்னேன். உலையில போடறதுக்கு முன்னாடி வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்துக் கோயில் கலயத்துல போடணும். ஞாயித்துக்கிழமை கொண்டாந்து கொட்டணும். மரவள்ளிக்கிழங்கைத் தின்னுக்கிட்டு, கிடைக்கிற ரேஷன் அரிசியில ஒரு பிடிம்மா! பதினாறு மாசம். நாலு மூட்டை. போன மாசம் மூட்டை வாயைத் தைச்சு அறையைப் பூட்டினவன், இன்னைக்குத்தான் திறந்தேன். திங்கக்கிழமை தகரக்காரச் சீனன் வருவான். நாலு மூட்டையைக் குடுத்தா கூரைக்குத் தகரம். இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"வண்டு பிடிக்கேல்லையோ?"

"ஓலை ஞாயித்துக்கு மந்திரிச்ச குருத்தோலையைக் கிழிச்சு மூட்டைக்குள்ள போட்டிருந்தேன். சாக்கு ஒவ்வொண்ணுலயும் நீலத்துல சிலுவைக்குறியும் போட்டேன். வண்டுக்குத் தெரிஞ்சது. மனுசனுக்குத் தெரியல."

தில்லையம்பலம் தொண்டையைச் செருமினார். "இண்டைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்குச் சபையெல்லாம் இங்க கூடும். அதுக்குள்ள அரிசி வரவேணும். இல்லாட்டி இவரை ஜப்பான் போலீசிட்டக் குடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை. எனக்கும் மனவருத்தம்தான்."

ஐந்து மணி என்றால் டோக்கியோ மணி. சூரியன் இன்னும் பழைய வழக்கப்படி அதை மூன்றரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. ஜப்பான் போலீஸ் என்றால் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போனவர்கள் நடந்து வெளியே வந்ததாக யாரும் பார்த்ததில்லை. தன் வாயில் ஒரு நையாண்டியும் வராததை ஒலி கவனித்தான்.

"ஐயாமேல எனக்குக் கோவம் இல்லைங்கம்மா," என்றார் சூசை. "கோயில்மேல அவ்வளவு பக்தி. போன மாசம்கூட வந்து, இது கட்டி எத்தனை வருஷம், சந்தியாகப்பர் திருநாள் என்னைக்கு, பேருக்கு முன்னாடி 'அர்ச்சிஷ்ட' போடணுமான்னு எல்லாம் விசாரிச்சாரு."

"அப்பிடியோ," என்றாள் குணமணி. பிறகு அண்ணாந்து கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நல்ல கொட்டகை ஐயா."

"அறுபது தகரம். சண்டைக்கு ஆறு மாசம் முன்னம் போட்டது. லாரி திரும்பி வந்தால் நிக்க இடம் வேணுமெல்லோ?"

"வரும் வரும்," என்றான் ஒலி. "இரவல் வாங்கினவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

2

குணமணியிடம் ஒரு சைக்கிள் இருந்தது. டயர் கிடைக்காததால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றியிருந்தாள். ஒலி மிதித்தால் வண்டி சாக்கடையைத் தேடும் என்பதால் அவளே மிதித்தாள். அவன் பின்னால் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, தேக்காவுல என் சொந்தக்காரங்க கடை நாலு இருக்கு. அந்தப் பக்கம் வரும்போது மட்டும் நான் இறங்கி நடந்துக்கறேன்."

"ஏன்?"

"பொம்பளை மிதிச்சு ஆம்பளை உட்கார்ந்து போறான்னு பேசுவாங்க."

"பேசட்டும். கேட்டால் கால் சுளுக்கு எண்டு சொல்லும். சரி, நீர் என்ன நினைக்கிறீர்?"

"தில்லையம்பலம்தான். சந்தேகமே இல்லை. கோயில் நாலு மூட்டை அரிசி பதுக்கி வச்சிருந்திச்சு, அதைக் காணோம்னு போலீஸ்ல போய்ச் சொல்லப்போறாராம்! பதுக்குனதுக்கே தலை போகும் லா. ஒண்ணு அவருக்கு மூளை இருக்கக் கூடாது. இல்லாட்டி போலீஸ் எங்க தேடினாலும் அரிசி கிடைக்காதுன்னு தெரிஞ்சிருக்கணும்."

"மூளை இருக்கு. மூண்டு கடை நடத்துறார்."

"அப்போ அவர்தான்."

"ஏன் எடுக்கவேணும்? அவர் பட்டாளத்துக்குச் சாமான் குடுக்கிற ஆள். வீட்டில அவர் நாய் சோறு தின்னுது, நானே கண்டனான். அரிசியும் தேவையில்லை, காசும் தேவையில்லை. அப்ப எல்லாம் இருக்கிற மனுசனுக்கு என்னதான் இல்லை?"

"வெட்கம்," என்றான் ஒலி.

"அது அரிசி குடுத்து வாங்கிற சாமான் இல்லை, ஒலி."

செராங்கூன் சாலை முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இரண்டு பேரும் இறங்கிக் குனிந்தார்கள். குணமணி அளவாகக் குனிந்தாள். ஒலி நெற்றி முழங்காலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான்.

"அவ்வளவு தேவையோ?" என்றாள் அவள், தெரு தாண்டிய பிறகு.

"போன வாரம் கொஞ்சம் கம்மியாக் குனிஞ்சேன். மிச்சத்தை அவனே கையால அழுத்திக் குனிய வச்சான்."

3

தேக்காவில் பூரணத்தின் கஞ்சிக் கடை முன்னால் வரிசை நின்றது. ஊரெல்லாம் மரவள்ளிக் கூழ் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஒருத்தி நிஜமான அரிசிக் கஞ்சி விற்கிறாள் என்பது மூன்று வாரமாக ஊர்ப் பேச்சு. ஒலிக்குத் துப்பு இதுதான். துப்பு என்பது பேச்சுக்கு. பசி என்றும் சொல்லலாம்.

ஒரு வாய் குடித்ததும் அவன் முகத்தைச் சுளித்தான்.

"என்ன ஒலி? உப்பில்லையோ?"

"உப்பு இருக்கு. பாதி அரிசி பசையாப் போச்சு, பாதி பல்லை உடைக்குது. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை. இதுல புழுங்கலும் கிடக்கு. ரேஷன் அரிசியில கலக்குற சுண்ணாம்பு வாடை வேற. இந்தப் பொம்பளைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியல அக்கா."

குணமணி தன் கிண்ணத்தைக் கலக்கிப் பார்த்தாள். குடிக்கவில்லை. அவள் கண்ணில் தொலைந்த குடைக்குச் சொந்தக்காரன் வந்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"அவவுக்குத் தெரியும். அரிசிக்குத்தான் தெரியேல்லை. கடைக்காரன் ஒரு மூட்டையை அவிழ்த்தால் ஒரே அரிசிதான் வரும். பச்சரிசி, புழுங்கல், சிவப்பு, குருணை, சுண்ணாம்பு அரிசி எல்லாம் ஒரே பானைக்குள்ள எப்ப வரும்?"

"பிச்சைக்காரன் பானையில வரும்."

"இன்னொரு பானை?"

ஒலியின் கரண்டி நின்றது. "முப்பத்தெட்டு வீடு. வீட்டுக்கு ஒரு பிடி." அவன் குரல் தாழ்ந்தது. "அக்கா, நான் சந்தியாகப்பரோட கூரையையா குடிச்சுக்கிட்டிருக்கேன்?"

"ஓம். மெதுவாக் குடியும். ஆணி கிடக்கும்."

வரிசை ஓய்ந்ததும் குணமணி பூரணத்திடம் போனாள். பூரணம் நாற்பது வயதுக்காரி. அகப்பையைப் பிடித்திருந்த பிடியிலேயே யாரும் கடன் கேட்க மாட்டார்கள்.

"கஞ்சி நல்லாயிருக்கு, பிள்ளை. அரிசி எங்க வாங்கினது?"

"ஏன், நீங்க கடை போடப் போறீங்களா?"

"யோசிக்கிறன்."

"பிச்சைக்காரங்ககிட்ட வாங்குறேன். அவங்க வீடு வீடா வாங்கியாறதை நான் மொத்தமா எடுத்துக்கறேன். போதுமா?"

"இந்தக் காலத்துல பிச்சைக்காரனுக்கு அரிசி போடறாங்களா!" என்றான் ஒலி. "எந்தத் தெருன்னு சொல்லும்மா, நானும் போய் நிக்கிறேன்."

"உன்னைப் பார்த்தா போடுவாங்க," என்றாள் பூரணம்.

குணமணி சிரிக்காமல் அரிசித் தகரத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையை விரித்தபோது பல நிற அரிசிக்கு நடுவே காய்ந்த ஓலைக்கீற்று ஒன்று கிடந்தது.

"இது என்ன?"

"வண்டுக்குப் போட்டிருப்பாங்க."

"வண்டுக்கு எல்லாரும் வேப்பிலை போடுவினம். மிளகாய் போடுவினம். தென்னங்குருத்தைக் கிழிச்சு ஆர் போடுவினம்? உங்கட பிச்சைக்காரர் ஓலை ஞாயிறுக்குப் பூசை கண்டுபோட்டே பிச்சைக்குப் போறவை?"

பூரணம் அகப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க போலீஸா?"

"போலீஸ்னா கஞ்சிக்குக் காசு குடுத்திருப்போமா?" என்றான் ஒலி.

அந்த ஒரு வாதம்தான் அவளை நம்ப வைத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "திருடினது இல்லக்கா. சத்தியமா வேலைக்குக் கூலி. நாலு மூட்டை அரிசி வீட்டுல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா பதுக்கல்னு பிடிச்சுட்டுப் போயிடுவான். அதான் பிச்சைக்காரன்னு சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக் குடுத்த கூலி."

"நாலு மூட்டைக்கு அப்பிடி என்ன வேலை?"

"பின்னால இருக்காரு. நீங்களே கேளுங்க."

4

பின்கட்டில் பூரணத்தின் புருஷன் பசுபதி உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் கல்லறைக் கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுவது அவன் தொழில்.

"வியாபாரம் எப்படி?" என்று கேட்டான் ஒலி.

"இந்தக் காலத்துல என் தொழிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லைங்க. கல்லுதான் கிடைக்கல. பாதிப் பேரைப் பேரில்லாமலே புதைக்கிறாங்க."

"நாலு மூட்டை அரிசிக்கு எத்தனை கல்லறை?" என்றாள் குணமணி.

பசுபதி பூரணத்தைப் பார்த்தான். பூரணம் தலையசைத்தாள்.

"கல்லறை இல்லைங்க. ஒரே கல்லு. பளிங்கு. ஒரு பெரிய மனுசர் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. எழுத்துக்கு ரெண்டு கட்டி எடை, அதாவது ரெண்டரை ராத்தலுக்கு மேல அரிசி, பளிங்குக்குத் தனி. அவர் கடை அரிசின்னு சொன்னாரு, நான் எதுக்குக் கேக்கப்போறேன்? நேத்துத்தான் முடிச்சேன். திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்னாரு."

மூலையில் ஒரு கல் சாக்கால் போர்த்தப்பட்டு நின்றது. சாக்கின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சிலுவைக்குறி. குணமணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாக்கை விலக்கினாள். ஒலி எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அர்ச்சிஷ்ட சந்தியாகப்பர் கோயிலின் புதிய கூரை முழுவதும் வர்த்தக வள்ளல் ஜோசப் தில்லையம்பலம் அவர்களால் தம் சொந்தச் செலவில் அமைத்துக் கொடுக்கப்பட்டது. ஷோவா 19, ஜூலை 25."

ஷோவா 19 என்றால் ஜப்பான் கணக்குப்படி இந்த வருஷம்தான், நாற்பத்துநாலு.

"கூரை போடறதுக்கு வச்சிருந்த அரிசியை," என்றான் ஒலி நிதானமாக, "கூரை போட்டதாக் கல்லு வெட்டக் குடுத்திருக்காரு."

"ஓம்."

"'வர்த்தக வள்ளலு'க்கு மட்டும் ஒன்பது எழுத்து. பதினெட்டுக் கட்டி அரிசி! எத்தனை வீட்டுக் குழந்தைங்க கிழங்கு தின்னிருக்கும்!" அவன் சுத்தியலை எட்டி எடுத்தான். "அக்கா, தள்ளுங்க. இதை நான் அரிசி மாதிரி உடைச்சுத் தர்றேன்."

"வையும் கீழ!" குணமணியின் குரலில் இருந்த அதட்டலுக்குப் பசுபதியும் உளியைக் கீழே வைத்துவிட்டான். "இதில ஒரு எழுத்து உடைஞ்சால் உபதேசியாரின்ர உயிர் போயிடும். விளங்குதோ?"

"விளங்கல."

"நல்லது. பசுபதி, வேலை செய்தீர், கூலி உம்முடையது. ஒரு பிடியும் திருப்பிக் கேக்க மாட்டன். கல்லை மட்டும் இண்டைக்கே குடும். உம்மட தள்ளுவண்டியையும்."

"எங்கே கொண்டு போறீங்க?"

"சொந்தக்காரரிட்டத்தான்," என்றாள் குணமணி. "தொலைஞ்ச சாமானைச் சொந்தக்காரரிட்டச் சேர்க்கிறது எனக்குப் பழகின வேலை."

தேக்காவிலிருந்து தோ பாயோவரை அந்தக் கல்லைத் தள்ளிக்கொண்டு போனது யார் என்று சொல்லத் தேவையில்லை. சிப்பாய் நின்ற முனையில் ஒலி வண்டியை விட்டுவிட்டுக் குனிந்தான். வண்டி பின்னால் உருண்டது. குனிந்தபடியே அதைத் துரத்தி, குனிந்தபடியே பிடித்தான். சிப்பாய் இரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தான். சாக்கைத் தூக்கிப் பார்க்க மறந்தான்.

"துப்பறியறதுல இதுவும் ஒரு வகை," என்றான் ஒலி மூச்சு வாங்க.

"பேசாமல் தள்ளும். மழை வருது."

5

டோக்கியோ ஐந்து மணிக்கு லாரிக் கொட்டகை நிரம்பியிருந்தது. முப்பத்தெட்டு வீட்டுப் பெண்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சூசை ஓரமாகத் தன் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். போலீசுக்குப் போவதற்காகப் போட்டது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஆகவே," என்று ஆரம்பித்திருந்தார் தில்லையம்பலம், "நம்பினவரே எங்களுக்கு இப்பிடிச் செய்த பிறகு..."

தள்ளுவண்டி கடகடவென்று உள்ளே வந்தது. சாக்குப் போர்த்திய கல்லைப் பார்த்ததும் அவருடைய 'ஆகவே' அந்தரத்தில் நின்றது.

"மன்னிக்கவேணும் ஐயா, பிந்திப்போச்சு," என்றாள் குணமணி. "கனமான விஷயம்."

ஒலி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். சாக்கு விலகும், நீலச் சிலுவை தெரியும், கல் தெரியும், முப்பத்தெட்டுப் பெண்களும் எழுந்திருப்பார்கள். அதற்குப் பிறகு இந்த மனுஷனுக்கு ஜப்பான் போலீஸே பாதுகாப்பாகத் தோன்றும். அந்தக் காட்சிக்காகத்தான் அவன் இத்தனை தூரம் தள்ளியிருந்தான்.

குணமணி சாக்கை எடுத்தாள். ஆனால் குறியிருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, தில்லையம்பலத்துக்கு மட்டும் தெரியும்படி பிடித்தாள். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ அவசர வேலையாகப் போய்விட்டது.

"ஐயா," என்றாள் அவள், அவருக்கும் ஒலிக்கும் மட்டும் கேட்கிற குரலில். "சாக்கை விரிக்கட்டோ, மடிக்கட்டோ?"

"ம... மடியுங்கோ," என்றார் தில்லையம்பலம்.

குணமணி சபையைப் பார்த்துத் திரும்பினாள். "உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல செய்தி. ஐயா தானாச் சொல்ல மாட்டார், கூச்ச சுபாவம். அதுதான் நான் கொண்டுவந்தனான். ஒலி, வாசியும். உரக்க."

ஒலி அவளைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து, தலைக்கு மேலே வரிசையாகப் பளபளத்த அறுபது தகரத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னது ஏன் என்று விளங்கியது. பள்ளிவாசல் மினாராவில் நிற்கிறவன்போல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தான்.

'கூரை முழுவதும்' என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தான். 'தம் சொந்தச் செலவில்' என்பதை மூன்று முறை.

முன் வரிசையில் ஒரு கிழவி கேட்டாள்: "முழுசுமா? இவரா?"

"கல்லில வெட்டியிருக்கு ஆச்சி," என்றாள் குணமணி. "கல்லில ஆரும் பொய்யை வெட்டுவினமோ? என்ன ஐயா?"

தில்லையம்பலம் இல்லை என்று சொன்னால் கல் பொய். கல் பொய்யென்றால் அதை வெட்டின அரிசி எது என்ற கேள்வி வரும். "அது வந்து... ஒரு எண்ணம் இருந்தது... தகரம் இப்ப எங்க கிடைக்குது..."

குணமணி மெல்ல மேலே பார்த்தாள். ஒலி மேலே பார்த்தான். சூசை பார்த்தார். ஒருவர் பின் ஒருவராகச் சபை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. இரண்டரை வருஷமாகக் கூரை வேண்டுமென்று அந்தக் கூரையின் கீழேதான் அவர்கள் கூடிக் கூடிப் பேசியிருந்தார்கள்.

"அறுபது," என்றார் சூசை, செபம் சொல்கிற குரலில். "கோயிலுக்கு ஐம்பத்தாறு போதும்."

"என்ர லாரி..." என்றார் தில்லையம்பலம்.

"வந்தா நாங்க குடை பிடிக்கிறோம் ஐயா," என்றான் ஒலி.

"அப்போ எங்க அரிசி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அது எங்க போச்சு?"

குணமணி கையிலிருந்த சாக்கை ஒருமுறை மடித்தாள். தில்லையம்பலத்தைப் பார்த்தாள்.

"என்ர... என்ர கடையிலயிருந்து ஒரு மூட்டை தாறன்," என்றார் அவர்.

சாக்கின் ஓரத்தை அவள் மெதுவாக விரிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு! ரெண்டு மூட்டை!"

இன்னொரு விரல் அளவு. நீலச் சிலுவையின் ஒரு கை வெளியே எட்டிப் பார்த்தது.

"நாலு! நாலு மூட்டையும் என்ர கடையிலயிருந்து! நாளைக்கே!"

குணமணி சாக்கை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பையைப் பூட்டினாள். "பாத்தியளே? ஐயாவின்ர மனம் ஆருக்கு வரும்! உபதேசியார், அரிசி கிடைச்சிட்டுது, இனி நீங்கள் போலீசுக்குப் போகத் தேவையில்லை. அந்தச் சட்டையைத் திருநாளுக்கு வையுங்கோ."

சூசை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் அழுதவர் இப்போதும் அழுதார். ஆனால் இந்த அழுகை கொஞ்சம் சத்தமாக இருந்தது, பெண்களில் பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆனால் அவசரமில்லை," என்றார் தில்லையம்பலம் கடைசி முயற்சியாக. "நல்ல நாள் பார்த்து, சண்டை எல்லாம் முடிஞ்ச பிறகு, ஆறுதலாக..."

"தேதியும் வெட்டியிருக்கு ஐயா," என்றாள் குணமணி. "ஜூலை இருபத்தைஞ்சு. இண்டைக்குப் பதினைஞ்சு. பத்து நாள்தான் கிடக்கு."

வள்ளலுக்கு மரியாதை செய்யாமல் விட முடியுமா? யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், "ஐயா பேசணும்" என்றார்கள். தில்லையம்பலம் எழுந்து நின்றார். பழக்கதோஷத்தில் "ஆகவே" என்றுதான் ஆரம்பித்தார். அவர் நன்றியுரை இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நாலு இளவட்டங்கள் சுத்தியலோடு கூரை ஏறிவிட்டார்கள். மூன்றாவது வாக்கியத்தில் அவர் தலைக்கு நேர் மேலே இருந்த முதல் தகரம் கிறீச்சென்று கழன்றது.

மழையும் சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது.

சபை முழுவதும் கொட்டகையின் மறுகோடிக்கு ஒதுங்கியது. தில்லையம்பலம் மட்டும் பேச்சை நிறுத்த வழி தெரியாமல் அங்கேயே நின்றார். தண்ணீர் அவர் வழுக்கையில் விழுந்து மூக்கு நுனியில் வடிந்தது.

"அக்கா, நனையறாரு லா," என்றான் ஒலி. "கூப்பிடுவமா?"

குணமணி சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு பின்னிருக்கையைத் துடைத்தாள். "விடும். சந்தியாகப்பரும் இரண்டரை வருஷம் நனைஞ்சவர். ஒரு நன்றியுரைகூட இல்லாமல்."

"திருடனை வள்ளலாக்கிட்டீங்களே. எனக்கு மனசு ஆறல."

"அவர்தானே பதினெட்டுக் கட்டி அரிசி குடுத்து அந்தப் பேரை வாங்கினவர்," என்றாள் குணமணி. "வாங்கின சாமானுக்கு மிச்ச விலையைத்தான் நான் இண்டைக்குக் கேட்டனான். ஏறும். கால் சுளுக்கு எண்டு சொல்ல மறக்காதேயும்."